லிஃப்ட் அக்காவும் நாற்பத்தொன்றாம் எண்ணும்

மலைமேல் இருக்கும் வானாய்வகத்துக்குத் தினமும் காலையில் வேன் ஓட்டிப் போவது என் வேலை. பன்னிரண்டு பேர் உட்காரலாம். டிரைவர் பக்கத்து முன் சீட்டு லிஃப்ட் அக்காவுடையது. யாரும் அப்படி எழுதி வைக்கவில்லை. ஆனாலும் புதிதாக வந்த ஒரு விஞ்ஞானி தெரியாத்தனமாக அதில் ஏறி உட்கார்ந்தபோது பின்னால் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமினார்கள். அக்கா கோபப்படவில்லை.

"பரவாயில்ல சார், உட்காருங்க. அந்தக் கதவு மட்டும் வளைவுல தானா திறந்துக்கும். கையால பிடிச்சுக்கங்க" என்றார்.

அடுத்த நிமிடம் அந்த மனிதர் கடைசி சீட்டில் இருந்தார். என் வேன் கதவு எந்த வளைவிலும் திறந்ததில்லை.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. குள்ளமான உருவம், அகலமான கை, நரைத்த முடியை இறுக்கி முடிந்த கொண்டை. மடியில் எப்போதும் ஒரு கான்வாஸ் பை. அதற்குள் ஸ்பேனர்கள், கிரீஸ் டப்பா, ஒரு முழ நீளத் திருப்புளி, இரண்டு வேகவைத்த முட்டை. அவர் வானியல் படித்தவர் அல்ல. இருபத்தோரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர்.

தொழிற்பள்ளியில் அவர் சேர்ந்த வருஷம் வகுப்பில் முப்பத்தெட்டு பையன்கள், இவர் ஒருத்தி. படித்து முடித்து ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலைக்குப் போனால், மேலாளர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டெலிபோன் மேஜையில் உட்கார வைத்துவிட்டார். நான்கு மாதம் போன் எடுத்ததுதான் மிச்சம். ஐந்தாவது மாதம் ஒரு மதியம், மெக்கானிக்குகள் எல்லாரும் வேறு வேறு இடத்தில் இருந்தபோது, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்திலிருந்து போன் வந்தது. லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது என்று. இவர் போனை வைத்துவிட்டுச் சுவரில் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஐந்தாம் மாடிக் கதவை நெம்பித் திறந்து, இருட்டுக்குள் குனிந்து, "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கத்தினார்.

"ஒரு ஆளு, நாலு வாய்!" என்று பதில் வந்தது.

உள்ளே இருந்தவர் பல் செட் செய்பவர். ஆறாம் மாடியில் இருந்த பல் மருத்துவரிடம் கொடுக்க மூன்று செட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போய்க்கொண்டிருந்தார். லிஃப்டைக் கையால் சுற்றி ஏற்றி அவரை வெளியே கொண்டுவர நாற்பது நிமிஷம் ஆனது. அந்த நாற்பது நிமிஷமும் அவர் வாய் மூடவில்லை. "பயத்துல பேசறார்னு நினைச்சேன் தம்பி. கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, அது அவரோட இயல்பு" என்று அக்கா பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். மறுநாளிலிருந்து மேலாளர் அவரை டெலிபோன் மேஜையில் உட்காரச் சொல்லவில்லை.

அப்படிப்பட்டவர் மலைக்கு வந்தது ஒரு குளவியால். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு பிற்பகல், எங்கள் பெரிய தொலைநோக்கியின் குவிமாடக் கதவு பாதி திறந்தபடி நின்றுவிட்டது. கீழே நான்கு மீட்டர் அகலக் கண்ணாடி. மேற்கே கருமேகம். தலைமைப் பொறியாளர், பாவம், தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். குவிமாடத்தைச் செய்தவர்கள் ஆள் அனுப்ப மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மழை மூன்று வாரம் காத்திருக்குமா? கடைசியில் அவர் கதவின் மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தார். லிஃப்டுக்குப் போடுகிற அதே மோட்டார். கீழே ஊரில் இருந்த லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார். என்னை வேனோடு விரட்டினார். ஒரு மணி நேரத்தில் அக்காவைக் கொண்டுவந்து இறக்கினேன்.

அக்கா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார். "இதென்ன சார், படுத்துக்கிட்டிருக்கிற லிஃப்ட் தானே?" என்றார். ஏணியில் ஏறினார். கதவு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று மோட்டாருக்குச் சொல்கிற சின்ன ஸ்விட்சுக்குள் ஒரு குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தார். கதவு மூடியது. முதல் சொட்டு விழுந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்து முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே அவருக்கு வேலை உத்தரவு போனது.

வானாய்வகத்தில் பகல் என்பது எங்களுக்கு ராத்திரி மாதிரி. விஞ்ஞானிகள் விடியும்போது படுப்பார்கள். அவர்கள் அறைகளில் கனமான கறுப்புத் திரை, கதவில் 'தூங்குகிறார், தட்டாதே' என்று ஒரு பலகை. சமையலறையில் பாத்திரம் உருண்டாலும் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அக்கா தன் சுத்தியலுக்கு ரப்பர் உறை போட்டிருந்தார். அவர் குரலுக்குத்தான் உறை போட முடியவில்லை. இருபத்தோரு வருஷம் லிஃப்ட் குழிக்குள் நின்று மேலே இருக்கிறவரைக் கூப்பிட்ட குரல். 'உப்பு இருக்கா?' என்று கேட்டாலே இரண்டு விஞ்ஞானிகள் விழித்துக்கொள்வார்கள்.

அவர்களில் ஒருத்தி முப்பது வயசு டாக்டர். மருந்து டாக்டர் இல்லை, வானத்து டாக்டர். ஒல்லி, கண்ணாடி, எந்நேரமும் தோளில் ஒரு கம்பளி. முதல் வாரத்திலேயே அக்கா குரலால் மூன்று தடவை தூக்கம் கலைந்து வந்து சண்டை போட்டாள். மூன்றாவது தடவை அக்கா அவளை உட்கார வைத்து டீ கொடுத்தார். அத்தோடு சிநேகமாகிவிட்டார்கள்.

டாக்டரிடம் ஒரு பட்டியல் இருந்தது. மிகத் தொலைவில் இருக்கும் அறுபது விண்மீன் மண்டலங்கள். ஒவ்வொன்றும் கோடானு கோடி சூரியன்கள் சேர்ந்த கூட்டம். மூன்று வருஷமாக ஒவ்வொன்றாகப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். அதில் நாற்பத்தொன்றாவதுதான் அவளுடைய செல்லம். ஒரு நாள் மதியம் திரையில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினாள். நான் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோனவன், அப்படியே நின்று பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு சுழி. நடுவில் நேராக ஒரு வெளிச்சப் பட்டை. பட்டையின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு கைகள் வளைந்து போயின.

"ஒருத்தன் ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு தட்டாமாலை சுத்தற மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

"அதேதான் அக்கா. பட்டைச் சுருள்னு பேர். பக்கத்துல இருக்கிற கேலக்ஸிகள்ல பாதிக்கு மேல இந்தப் பட்டை உண்டு. நம்மளோடதுலயும் உண்டு. ஆனா இது ரொம்ப தூரத்துல இருக்கு. இந்த வெளிச்சம் அங்கேருந்து கிளம்பி எழுநூறு கோடி வருஷம் ஆச்சு. அப்ப பூமியே இல்ல."

அக்கா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "கிரவுண்ட் ஃப்ளோர் கட்டறதுக்கு முன்னாடியே கிளம்பின லிஃப்ட்டுன்னு சொல்லுங்க."

டாக்டர் டீ புரையேறச் சிரித்தாள். அப்புறம் விளக்கினாள். நாம் பார்ப்பது வெளிச்சம் கிளம்பிய காலத்து இளம் வயதைத்தான்; அவ்வளவு இளம் வயதில் விண்மீன் மண்டலங்கள் கலைந்துபோய்க் கிடக்கும், பட்டை மாதிரி ஒழுங்கான ஒன்று வருவது அரிது என்றுதான் அவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்களாம். நாற்பத்தொன்றில் இவ்வளவு நீளப் பட்டை இருக்கிறதென்றால் அந்தக் கணக்கைத் திருத்த வேண்டும்.

"பால் பல்லு விழறதுக்கு முன்னாடி மீசை முளைச்ச கதை" என்றார் அக்கா. பல்காரர் வீட்டு அம்மா அல்லவா.

டாக்டர் கட்டுரை எழுதி ஒரு பெரிய பத்திரிகைக்கு அனுப்பினாள். பத்திரிகைக்காரர்கள் அதை வேறொரு நிபுணரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்களாம். அவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு மாதம் கழித்து அவருடைய பதில் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் ஊருக்குள் போக வேனில் ஏறினாள், முகம் பேயறைந்த மாதிரி.

"என்ன டாக்டர்?" என்று அக்கா திரும்பிக் கேட்டார்.

"படத்துல இருக்கிற மத்த நட்சத்திரங்களைப் பார்த்திருக்கார். புள்ளி மாதிரி உருண்டையா இருக்கணும். எல்லாம் லேசா முட்டை மாதிரி நீண்டிருக்காம். அதுவும் பட்டை எந்தப் பக்கம் நீண்டிருக்கோ அதே பக்கம். 'உங்க பட்டை வானத்துல இருக்கா, உங்க தொலைநோக்கியில இருக்கா?'ன்னு கேட்டிருக்கார்."

கேள்வியில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம்.

தலைமைப் பொறியாளர் ஒரு வாரம் சோதனை போட்டார். நல்ல மனிதர், கறாரானவர், ஆணியைக் கூடப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். கண்ணாடியைப் பார்த்தார், அதைத் தாங்கும் மெத்தைகளைப் பார்த்தார், பல்சக்கரங்களைப் பார்த்தார். தலைக்கு நேர் மேலே இருந்த நட்சத்திரங்களைப் படமெடுத்தார். எல்லாம் அழகான உருண்டை. "மெஷின்ல ஒரு குறையும் இல்ல. உங்க நாற்பத்தொன்று தெற்கே தாழ்வா இருக்கு. அங்க காத்து அடர்த்தி, நட்சத்திரம் கொஞ்சம் நீளத்தான் செய்யும். காத்தை நான் ரிப்பேர் பண்ண முடியாதும்மா" என்றார். டாக்டருக்கு இன்னும் மூன்று இரவுகள் ஒதுக்கியிருந்தார்கள், பதினெட்டு நாள் கழித்து. அதே முட்டைகளை மறுபடியும் எடுத்து என்ன செய்ய?

அன்று அக்கா வீட்டில் நடந்ததை அவர் மகள் எனக்குச் சொன்னாள். அவள் ஊரில் அஞ்சல் நிலையத்தில் வேலை பார்ப்பவள், அப்பாவின் வாயும் அம்மாவின் குரலும் சேர்ந்து வாய்த்தவள். சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதி எப்போதும் பல்காரருடைய தொழிற்சாலை. மெழுகு, அரம், இளஞ்சிவப்பு ஈறுகள். அன்று ஒரு செட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து அவர் புலம்பிக்கொண்டிருந்தார். ஒரு வாத்தியாருக்குச் செய்தது. இடது பக்கம் கடித்தால் மட்டும் குத்துகிறதாம்.

"கையில வச்சுப் பார்த்தா ஒரு குறையும் இல்ல. கையில இருக்கிறவரைக்கும் எல்லாப் பல்லும் நல்ல பல்லுதான். நாளைக்கு அவர் வாயில போட்டு, இடது பக்கம் கடிக்கச் சொல்லி, அப்பப் பார்த்தாத்தான் தெரியும்."

அக்கா ரொட்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாராம். "என்னங்க, இப்ப என்ன சொன்னீங்க?"

"வாத்தியார் பல்லு..."

"இல்ல, அதுக்கு அப்புறம்."

இந்த யோசனை தன்னிடமிருந்து வந்தது என்று பல்காரர் இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொள்கிறார். அக்காவோ, லிஃப்டில் தன் பழக்கமே அதுதான் என்கிறார். மூன்றாம் மாடியில் நடுங்குகிற லிஃப்டை மூன்றாம் மாடியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். யார் சொல்வது சரியோ, மறுநாள் காலை வேனில் அக்கா முட்டையைத் தொடவே இல்லை.

நேராகப் பொறியாளர் அறைக்குப் போனார். "சார், தொலைநோக்கியை நாற்பத்தொன்று இருக்கிற பக்கம் சாய்க்கணும். கேமரா, பம்ப் எல்லாம் ஓடணும். ராத்திரி எப்படியோ அப்படியே."

"பகல்லயா? டோமைத் திறக்க முடியாதும்மா."

"டோம் மூடியே இருக்கட்டும். எனக்கு வானம் வேண்டாம், சாய்ஞ்சா போதும்."

"நான்தான் எல்லாம் பார்த்தாச்சே."

"நேரா நிக்கும்போது பார்த்தீங்க சார். சாயும்போது பார்க்கலாமே."

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "அரை மணி நேரம்" என்றார்.

டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டார்கள். குவிமாடத்துக்குள் இருட்டு, ஜில்லென்ற காற்று, எண்ணெய் வாசனை. மூன்று மாடி உயரத் தொலைநோக்கி மெதுவாகத் தெற்கே குனிந்தது. யானை ஒன்று தண்ணீர் குடிக்கத் தலை தாழ்த்துவது போல இருந்தது. அக்கா பையிலிருந்து அந்த நீளத் திருப்புளியை எடுத்தார். முனையை இரும்புச் சட்டத்தில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கண்ணை மூடினார். மெக்கானிக்குகளின் பழைய வித்தை அது, உள்ளே ஓடுகிற சத்தம் காதுக்கு வந்துவிடும். ஒரு இடம், இரண்டாவது இடம், மூன்றாவது இடம். ஏணியில் ஏறி நாலாவது இடம்.

"தம்பி, வா. கேளு."

ஏறிக் காதை வைத்தேன். டுப்... டுப்... டுப்... யாரோ தூரத்தில் கதவு தட்டுவது போல.

"சார், இப்ப நேரா நிமிர்த்துங்க" என்று அக்கா கத்தினார். தொலைநோக்கி நிமிர்ந்தது. சத்தம் நின்றது. சாய்த்தார்கள். டுப், டுப். பொறியாளர் தானே ஏணியில் ஏறினார். திருப்புளியைக் காதில் வைத்தவர் முகம் மாறியதை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன்.

கேமராவைக் குளிர வைக்க, தரையில் இருக்கும் பம்பிலிருந்து ஒரு தடித்த ரப்பர் குழாய் மேலே போகிறது. தொலைநோக்கி நிமிர்ந்து நிற்கும்போது குழாய் தளர்வாகத் தொங்கியது. தெற்கே சாயும்போது விறைத்துக்கொண்டு, பம்பின் ஒவ்வொரு துடிப்பையும் அப்படியே தொலைநோக்கிக்குள் அனுப்பியது. தலைமுடி அகலம் கூட இருக்காது அந்த அசைவு. ஆனால் எழுநூறு கோடி வருஷத் தூரத்தைப் பார்க்கிற கேமராவுக்கு அது போதும், உருண்டையை முட்டையாக்க. குழாயை இழுத்துப் பிடித்திருந்தது ஒரு இரும்புக் கிளாம்ப்.

"இதை இவ்வளவு இறுக்கமா எந்தப் புண்ணியவான் கட்டினது?" என்றார் பொறியாளர்.

அக்கா கிளாம்பைப் பார்த்தார். அதன் திருகுக்கு அடியில் சிவப்பு பெயின்டில் ஒரு சின்னப் பொட்டு இருந்தது. தான் முடுக்கிய எல்லாவற்றிலும் அவர் வைக்கிற பொட்டு.

"நான்தான் சார்" என்றார். "புதுக் கேமரா வந்தப்போ. குழாய் தொங்கினா அசிங்கமா இருக்குன்னு இழுத்துக் கட்டினேன்."

நான் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பொறியாளர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஏணியிலிருந்து இறங்கி, "நேரா வச்சுப் பார்த்தது நான்தானேம்மா. இதுல பாதி எனக்கு" என்றார்.

அவிழ்க்க ஒரு நிமிஷம் போதும். அக்கா ஸ்பேனரைக் கிளாம்பில் மாட்டினார். மாட்டியவர் நின்றுவிட்டார்.

"இதை நான் தளர்த்தினா நட்சத்திரம் உருண்டையாயிடும். பட்டை?"

"அது நிஜமா இருந்தா இருக்கும்" என்றார் பொறியாளர். "இல்லன்னா..."

"அப்ப டாக்டரைக் கேட்டுட்டுத்தான் தொடுவேன்."

விஞ்ஞானிகள் விடுதியில் பகல் பதினொரு மணிக்கு ஒருவர் கதவை இன்னொருவர் தட்டியதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. 'தூங்குகிறார், தட்டாதே' பலகையை அக்கா ஒதுக்கிவிட்டு இரண்டு தட்டுத் தட்டினார். டாக்டர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வந்தாள். தாழ்வாரத்தில் நின்றபடியே அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தான் கட்டிய கிளாம்ப் என்பதை முதலில் சொன்னார்.

டாக்டர் சுவரில் சாய்ந்தாள். "அதாவது, என் பட்டை அக்காவோட கிளாம்பா இருக்கலாம்."

"இருக்கலாம். மூணு வருஷ உழைப்பு உங்களுது. நீங்க வேண்டாம்னா..." வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று அக்காவுக்கும் தெரியாது.

"தளர்த்திடுங்க அக்கா" என்றாள் டாக்டர். யோசிக்கவே இல்லை. "இல்லாத ஒண்ணைக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? இருந்தா இருக்கட்டும், இல்லன்னா சீக்கிரம் தெரியட்டும்." பிறகு, "நானும் வரேன். நான் பார்க்கறப்ப தளர்த்துங்க" என்று செருப்பைத் தேடினாள். கிடைத்தது ஒன்றுதான். ஒரு காலில் செருப்போடு குவிமாடம் வரை நடந்து வந்தாள்.

அக்கா கிளாம்பைக் கழற்றினார். குழாய் பெருமூச்சு விட்டது போல வளைந்து தொங்கியது. திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டார், பொறியாளர் கேட்டார், டாக்டர் கேட்டாள். அமைதி.

டாக்டருக்கு ஒதுக்கிய மூன்று இரவுகளும் வந்தன. முதல் இரவு மேகம். இரண்டாவது இரவு மேகம், கூடவே தூறல். அந்த மூன்று நாளும் மலையில் யாரைப் பார்த்தாலும் வானத்தைப் பற்றியே பேச்சு. சமையல்காரர் கூடக் கரண்டியோடு வெளியே வந்து மேற்கே பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வேனைக் கீழே இறக்கும்போது வானம் கழுவி விட்ட கண்ணாடி மாதிரி இருந்தது. அக்கா வழி முழுவதும் ஜன்னல் வழியே மேலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை எனக்கு முன்னால் அக்கா வேன் நிறுத்துமிடத்தில் நின்றார். மேலே போய்ச் சேர்ந்தால் ஒரே நிசப்தம். கட்டுப்பாட்டு அறையில் திரைகள் அணைந்திருந்தன. டாக்டர் அறைக் கதவில் பலகை. அன்றைக்கே ஒரு தடவை தட்டி எழுப்பியாயிற்று, இரண்டாவது தடவை தட்ட அக்காவுக்கே மனம் வரவில்லை. தாழ்வாரத்தில் இரண்டு நடை நடந்தார். கடைசியில், "வேலையாவது பார்ப்போம்" என்று தன் கருவி அலமாரியைத் திறக்கப் போனார்.

அலமாரிக் கதவில் ஒரு படம் ஒட்டியிருந்தது. சுற்றிலும் நட்சத்திரங்கள், ஊசியால் குத்தின மாதிரி சுத்தமான உருண்டைப் புள்ளிகள். நடுவில் நாற்பத்தொன்று. அதன் நடுவில், முன்னைவிடக் கூர்மையாக, பட்டை. கீழே பேனாவால் எழுதியிருந்தது: 'அக்கா, பட்டை இருக்கு. கால்வாசி குட்டையாயிடுச்சு. ஆனா நிஜம்.'

அக்கா போட்ட சத்தத்தை என்னவென்று சொல்ல. லிஃப்ட் குழியின் அடியிலிருந்து இருபதாம் மாடிக்குப் போகிற சத்தம். விடுதியில் வரிசையாகக் கதவுகள் திறந்தன. கம்பளியும் அரைக்கால் சட்டையுமாக ஆறு விஞ்ஞானிகள் நெருப்புப் பிடித்துவிட்டதோ என்று ஓடி வந்தார்கள். ஏழாவதாக வந்த டாக்டர் மட்டும் ஓடவில்லை. சிரித்துக்கொண்டே நடந்து வந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். யாரும் அதற்குப் பிறகு தூங்கப் போகவில்லை. சமையல்காரர் ரொட்டியைச் சுட ஆரம்பித்துவிட்டார்.

டாக்டர் பட்டையின் நீளத்தை மறுபடி அளந்து, கட்டுரையில் பாதியைத் திருத்தி எழுதி அனுப்பினாள். பெயர் தெரியாத அந்த நிபுணர் ஒரே வரியில் பதில் போட்டாராம், 'இப்போது எனக்கும் தெரிகிறது' என்று. கட்டுரையின் கடைசிப் பத்தியில் நன்றி சொல்லியிருந்தாள். பணம் கொடுத்த நிறுவனங்களுக்கு ஒரு வரி. 'குறையைக் கேட்டுக் கண்டுபிடித்து, அது தன்னுடையது என்று சொன்ன மெக்கானிக்குக்கு' இரண்டு வரி. பல்காரர் அந்தப் பக்கத்தை மேஜைக்கு மேலே சுவரில் மாட்டினார். அளவெடுக்க வருகிறவர்கள் வாயை அகலத் திறந்து வைத்திருக்கும்போது, பதில் பேச முடியாத அந்த நேரமாகப் பார்த்து முழுக் கதையையும் சொல்கிறார். மேலே மலையில், மாதம் ஒரு தடவை தொலைநோக்கியை நான்கு திசையிலும் சாய்த்துக் கேட்பதைப் பொறியாளர் விதியாகவே ஆக்கிவிட்டார். விதிப் புத்தகத்தில் நீளமான பெயர் ஒன்று இருக்கிறது. வாய்ப்பேச்சில் அது 'அக்கா காது'.

பொதுமக்களை உள்ளே விடும் நாளில் அக்கா குடும்பத்தோடு வந்தார். பல்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார். தொலைநோக்கியை மூன்று சுற்று சுற்றி வந்தவர், "கண்ணை எங்க வைக்கணும்?" என்று கேட்டார்.

"வைக்க இடமே கிடையாதுங்க. எல்லாம் கேமராதான், கம்ப்யூட்டர்ல வரும்" என்றார் அக்கா.

"இவ்வளவு பெரிசா கட்டிட்டு ஒரு ஓட்டை வைக்கலையா?" மனிதர் நொந்தே போனார். மகள் மட்டும் டாக்டரை விடவில்லை. அந்த நாற்பத்தொன்று இப்போது, இந்த நிமிஷம், எப்படி இருக்கும் என்று கேட்டாள்.

"தெரியாது" என்றாள் டாக்டர். "இன்னும் எழுநூறு கோடி வருஷம் கழிச்சு வாங்க, படம் காட்டறேன்."

"அதுவரைக்கும் அம்மாவுக்கு வேலை நிரந்தரம்தானே?" என்று மகள் கேட்டதும் பொறியாளரே சிரித்துவிட்டார்.

டாக்டர் இப்போது வேறு நாட்டில் இருக்கிறாள், இன்னும் பெரிய தொலைநோக்கி, இன்னும் நீளமான பட்டியல். போன மாதம் அக்காவுக்குப் போன் வந்தது, வேன் பாதி மலை ஏறியிருந்தபோது. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார், முகம் மலர்ந்துகொண்டே போனது. போனை வைத்ததும் பின்னால் திரும்பி அத்தனை பேருக்கும் அறிவித்தார்:

"இன்னும் ஒன்பது பேருக்கு இருக்காம்!"

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தோட்டக்காரர் பதறிப்போய் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார். "ஐயையோ, என்ன வியாதி அக்கா?"

அக்கா சீட்டில் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டி, அந்தப் பட்டையைப் பற்றி அவருக்கு முதலிலிருந்து விளக்க ஆரம்பித்தார். மேலே போய்ச் சேர இன்னும் பதினாறு வளைவுகள் இருந்தன. நான் வண்டியைக் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டினேன்.